யானைத்தீ: ஓர் ஏற்பியைத் தேடிய வரலாறு

மணிமேகலை படித்தவர்கள் காயசண்டிகையை மறந்திருக்க மாட்டார்கள். விருச்சிக முனிவர் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை உண்பதற்கென வைத்திருந்த நாவற்கனியைக் காலால் சிதைத்துவிட்டவள்; அந்தப் பிழைக்காக, எவ்வளவு உண்டாலும் அடங்காத பசியைச் சாபமாகப் பெற்றவள். அப்பசிக்கு யானைத்தீ என்று பெயர். காப்பியம் அதை நோய் என்றும் சொல்கிறது, சாபம் என்றும் சொல்கிறது. நோய்க்கும் பிழைக்கும் நடுவில் அவள் நின்றுகொண்டிருக்கிறாள். அமுதசுரபியிலிருந்து ஒரு பிடி சோறு விழும்வரை அவளுக்கு வேறு வழியில்லை.

பள்ளியில் என்னுடன் படித்த ஒருவன், மதிய உணவு முடிந்த அரைமணி நேரத்தில் மறுபடி பசிக்கிறது என்பான். வகுப்பே சிரிக்கும். ஆசிரியர்கள், உறவினர்கள், அவனுக்கு வைத்தியம் பார்த்தவர், எல்லோரிடமும் இருந்தது ஒரே மருந்து: வாயைக் கட்டு. அவன் வாயைக் கட்டிப் பார்த்ததை நான் அறிவேன். மூன்று நாள், நான்கு நாள். பிறகு அழுதுகொண்டே தின்றான். அவனுக்கு என்ன குறை இருந்தது என்பது எனக்குத் தெரியாது. கீழே வரும் அரிய நோய்களில் ஒன்று அவனுக்கு இருந்தது என்று சொல்ல என்னிடம் ஓர் ஆதாரமும் இல்லை. ஆனால் லெப்டின் ஏற்பியைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் அவன் முகம் வந்து நிற்கிறது. இதை எழுதத் தூண்டியதும் அதுதான்.

ஏற்பி என்ற சொல்லை முதலிலேயே விளக்கிவிடுகிறேன். ஹார்மோன் இரத்தத்தில் ஊர் முழுதும் சுற்றிவரும் தண்டோரா என்றால், அதைக் கேட்கும் காது ஏற்பி. காது இல்லாத வீட்டு வாசலில் எவ்வளவு முழக்கினாலும் பயனில்லை. இங்கே சொல்லப்போவது அந்தக் காது உடலில் எங்கே இருக்கிறது என்று தேடிய கதை. தேடுவதற்குக் கடைசியில் கைகொடுத்தவை வைரஸ்கள்.

*

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில், மெய்ன் மாநிலத்தின் பார் ஹார்பர் என்ற கடலோர ஊரில் ஜாக்ஸன் ஆய்வகம் இருக்கிறது. சுண்டெலிகளின் மரபுவழியை ஆராய்வதற்காக 1929ல் தொடங்கப்பட்டது. 1947 அக்டோபரில் அந்தத் தீவைப் பற்றிய காட்டுத்தீயில் ஆய்வகம் எரிந்து, பல்லாயிரம் சுண்டெலிகள் மாண்டன. முன்பு அங்கிருந்து வாங்கிச் சென்ற ஆய்வாளர்கள் உலகின் பல பக்கங்களிலிருந்தும் அனுப்பிவைத்த எலிகளைக் கொண்டு வம்சங்கள் மறுபடி உருவாக்கப்பட்டன. இரண்டு ஆண்டு கழித்து, 1949 கோடையில், கூண்டு ஒன்றில் ஒரு சுண்டெலி பெருத்துக்கொண்டே போவதைக் கண்டார்கள். அதன் எடை நாளடைவில் சாதாரணச் சுண்டெலியின் மூன்று மடங்கைத் தொட்டது. ஒரே ஒரு மரபணுவின் பழுது, பெற்றோர் இருவரிடமிருந்தும் வந்து சேர்ந்தால் இப்படி ஆகிறது என்று 1950ல் அறிவித்தார்கள். பழுதுக்கு 'ஓபி' என்று பெயரிட்டார்கள். பருமன் என்பதற்கான ஆங்கிலச் சொல்லின் முதல் இரண்டு எழுத்துகள்.

1966ல் அதே ஆய்வகம் இன்னொரு பழுதை அறிவித்தது. இந்தச் சுண்டெலியும் பெருத்தது, அடங்காமல் தின்றது, கூடவே கடுமையான நீரிழிவு. இதற்கு 'டிபி' என்று பெயர். இரண்டு பழுதுகளும் வெவ்வேறு குரோமோசோம்களில் இருந்தன. பார்வைக்கோ ஒன்றுபோல இருந்தன. இங்கேதான் டக்ளஸ் கோல்மன் வருகிறார். கனடாவின் ஒன்டாரியோவில் பிறந்த உயிர்வேதியியலாளர். 1958ல் பார் ஹார்பருக்கு வந்தவர், பணிக்காலம் முழுவதும் அங்கேயே இருந்துவிட்டார்.

கோல்மன் செய்த சோதனை கேட்பதற்குக் கொடூரமாக இருக்கும். இரண்டு சுண்டெலிகளின் விலாப்புறத் தோலைத் திறந்து ஒன்றோடொன்று தைத்துவிடுவது. சில நாட்களில் நுண்குழாய்கள் பின்னிக்கொண்டு இரத்தம் சிறிதளவு இங்கும் அங்கும் போய்வரத் தொடங்கும். புதிய முறையன்று, கேம்பிரிட்ஜில் ஹார்வே என்பவர் 1959ல் எலிகளைக் கொண்டு இதைச் செய்திருந்தார். ஒட்டிய எலிகளில் ஒன்றின் மூளையில் ஹைப்போதலாமஸ் என்ற அடிப்பகுதியைச் சிதைத்தபோது அது தின்று கொழுத்தது, மற்றதோ மெலிந்தது. கொழுத்த எலியின் இரத்தத்தில் 'போதும்' என்று சொல்லும் ஏதோ ஒன்று பெருகி, பக்கத்து எலியைப் பட்டினி போடுகிறது என்று அவர் ஊகித்தார்.

கோல்மன் டிபி சுண்டெலியை நல்ல சுண்டெலி ஒன்றோடு ஒட்டினார். நல்ல இரத்தத்தின் சேர்க்கையால் நீரிழிவு குறையுமா என்று பார்க்கலாம் அல்லவா? நடந்தது நேர்மாறு. டிபி வழக்கம்போலத் தின்றது. நல்ல சுண்டெலி உணவைத் தொடாமல் பட்டினியால் செத்தது. பக்கத்திலேயே தீனி இருந்தது; அதற்குப் பசிக்கவில்லை. அடுத்து ஓபியையும் டிபியையும் ஒட்டினார். இம்முறை செத்தது ஓபி, அதுவும் பட்டினியால். பிறந்தது முதல் தின்பதைத் தவிர வேறொன்றும் அறியாத உயிர், கழுத்தளவு கொழுப்போடு, பசியின்றி இறந்தது. கடைசியாக ஓபியை நல்ல சுண்டெலியோடு ஒட்டியபோது, ஓபி குறைவாகத் தின்றது, அதன் எடை ஏற்றம் தணிந்தது, இரண்டும் உயிரோடிருந்தன.

இந்த மூன்று முடிவுகளையும் ஒருசேர வைத்துப் பார்க்கச் சற்று நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். அறிவியல் வரலாற்றில் இவ்வளவு சுத்தமான தர்க்கம் அடிக்கடி கிடைப்பதில்லை. ஓபிக்கு 'போதும்' என்ற செய்தி சுரக்கவில்லை, ஆனால் வேறொருவர் சொன்னால் கேட்கும். டிபிக்கோ செய்தி ஏராளமாகச் சுரக்கிறது, பக்கத்திலிருப்பவரைக் கொல்லுமளவுக்கு. அதற்குக் காது இல்லை. ஒன்று ஊமை, மற்றது செவிடு. 1969க்கும் 1973க்கும் இடையில் கோல்மன் இதை எழுதிவிட்டார். பலர் நம்பவில்லை. பருமன் நடத்தையின் விளைவு, மனத்தின் கட்டுப்பாடு சார்ந்தது என்பதே அன்றைய துறையின் சுருதி. முனிவரின் சாபம் ஆய்வுக்கூடத்திலும் செல்லுபடியாகியிருந்தது என்று சொல்லலாம்.

*

பிறகு நடந்ததை விரைவாகச் சொல்லிவிடலாம், ஏனெனில் அது பலமுறை சொல்லப்பட்ட வெற்றிக்கதை. நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் 1986ல் தொடங்கி எட்டு ஆண்டு தேடி, 1994 டிசம்பரில் ஓபி மரபணுவை வெளியிட்டார். அது கொழுப்புத் திசுவில் சுரக்கும் ஒரு ஹார்மோனுக்கானது. மெலிந்த என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்கு லெப்டின் என்று பெயர் வைத்தார்கள். ஆம்ஜென் நிறுவனம் உரிமத்துக்கு முன்பணமாக மட்டும் 2 கோடி டாலர் கொடுத்தது. 1995 டிசம்பரில் லூயி டார்டாக்லியாவும் கூட்டாளிகளும் லெப்டினின் ஏற்பியைக் கண்டெடுத்தார்கள். 1996ல் டிபி சுண்டெலியின் பழுது அந்த ஏற்பியில்தான் என்பது உறுதியானது. கோல்மனின் இரண்டு ஊகங்களும் எழுத்துப் பிசகாமல் பலித்தன.

அந்தப் பழுது எவ்வளவு சிறியது என்பதைச் சொல்லாமல் நகர மனமில்லை. மரபணுவில் ஒரு ஜி இருக்கவேண்டிய இடத்தில் ஒரு டி. அவ்வளவே. அந்த ஓரெழுத்து மாற்றத்தால், ஏட்டைத் திருத்தி எழுதும்போது வெட்டி எறியப்பட வேண்டிய துண்டொன்று, 106 எழுத்துகள் கொண்டது, உள்ளே தங்கிவிடுகிறது. ஏற்பியின் நீண்ட வடிவம் வாலறுந்து போகிறது. செல்லுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி அப்படியே இருக்கிறது. லெப்டின் வந்து அமரவும் செய்கிறது. கேட்டதை உள்ளே சொல்லும் பகுதிதான் இல்லை. பழைய பிரதிகளைப் பதிப்பித்தவர்களுக்கு இந்த வகைத் துயரம் புதிதாக இராது.

1997ல் கேம்பிரிட்ஜில் ஸ்டீஃபன் ஓராஹிலி, சதஃப் ஃபரூக்கி ஆகியோரின் குழு, லெப்டின் இல்லாத இரண்டு குழந்தைகளைக் கண்டறிந்தது. ஒன்றுவிட்ட உடன்பிறப்புகள், பாகிஸ்தானிய வழிவந்த குடும்பம். எட்டு வயதில் 86 கிலோ, இரண்டு வயதில் 29 கிலோ. மூத்த குழந்தைக்கு லெப்டின் ஊசி போடத் தொடங்கினார்கள். ஓர் ஆண்டில் 16 கிலோவுக்கு மேல் குறைந்தது, பசி அடங்கியது. அதன் முடிவு 1999ல் வந்தது. அந்தப் பெற்றோர் அதுவரை எத்தனை பேரிடம் 'குழந்தைக்கு அளவாகக் கொடுங்கள்' என்ற உபதேசத்தைக் கேட்டிருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கலாம்.

ஆனால் அதே 1999ல் ஆம்ஜெனின் பெருங்கனவு கலைந்தது. சாதாரணப் பருமன் உள்ளவர்களுக்கு லெப்டின் கொடுத்த சோதனையின் பயன் சொற்பமாகவே இருந்தது. காரணமும் முன்பே தெரிந்திருந்தது: பருமனானவர்களின் இரத்தத்தில் லெப்டின் குறைவாக இல்லை, அதிகமாகவே இருந்தது. தண்டோரா ஓயாமல் முழங்கிக்கொண்டிருந்தது, காதுதான் மந்தம். பெரும்பாலோரும் ஓபியைவிட டிபிக்கே நெருக்கம். ஆக, கேள்வி ஹார்மோனை விட்டு ஏற்பிக்கு நகர்ந்தது. எந்தக் காது? எங்கே இருக்கும் காது? ஏற்பி ஹைப்போதலாமஸிலும் இருந்தது, நடுமூளையிலும் இருந்தது, மூளைத்தண்டிலும் இருந்தது. உடலின் வேறு திசுக்களிலும் அதன் குட்டை வடிவங்கள் இருந்தன. இவற்றில் எது பசியைக் கேட்கும் காது என்று கண்டுபிடிக்க, ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் ஏற்பியின் மரபணுவை வைக்கவோ எடுக்கவோ தெரிய வேண்டும். கோல்மனின் ஊசியும் நூலும் அதற்குப் போதா.

*

அடினோவைரஸ் 1953ல் கண்டறியப்பட்டது. அமெரிக்காவின் பெதஸ்டாவில் வாலஸ் ரோவும் அவர் கூட்டாளிகளும், குழந்தைகளிடமிருந்து அறுவையில் எடுக்கப்பட்ட மூக்கடிச் சதையைக் கண்ணாடிக் குடுவையில் வளர்த்தபோது செல்கள் தாமாகவே அழிவதைக் கண்டார்கள். அந்தச் சதைக்கு அடினாய்ட் என்று பெயர். வைரஸின் பெயர் அங்கிருந்து வந்தது. சாதாரணச் சளிக்காய்ச்சல் வைரஸ். வைரஸ் என்பது ஓர் உறை, உள்ளே ஒரு சிறு சுவடி. செல்லுக்குள் நுழைந்து தன் சுவடியைப் படிக்க வைத்துவிடும் திறமை ஒன்றே அதன் முழுச் சொத்து. பெருகுவதற்கான பக்கங்களைக் கிழித்துவிட்டு, நமக்கு வேண்டிய மரபணுவை அங்கே எழுதி வைத்தால், அது பெருக்கமில்லாத அஞ்சற்காரனாகிவிடும். இதற்குத்தான் கடத்தி வைரஸ் என்று பெயர். வாகனம் என்ற சொல்லே எனக்குப் பிடித்திருக்கிறது. தொந்தி கணபதியை ஒரு மூஞ்சூறு சுமக்கும் நாட்டிலிருந்து பார்ப்பவனுக்கு, சுண்டெலியின் தொந்தியைத் தீர்க்க வைரஸ் வாகனமாவது அவ்வளவு விநோதமாகத் தோன்றாது.

1996ல் டாலஸ் நகரில் ராஜர் உங்கரின் குழு, லெப்டின் மரபணுவை அடினோவைரஸில் ஏற்றிச் சாதாரண எலிகளின் இரத்தத்தில் செலுத்தியது. 28 நாட்களில் மற்ற எலிகள் 115 முதல் 132 கிராம் வரை எடை ஏறியபோது இவை 22 கிராம்தான் ஏறின. உணவு மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை குறைந்தது. வியப்பு இதற்கடுத்தது. வைரஸ் பெறாத இன்னொரு தொகுதி எலிகளுக்கு, இவை தின்ற அளவே தீனி வைத்துப் பட்டினி போட்டுப் பார்த்தார்கள். அவற்றின் உடலில் பாதியளவு கொழுப்பு மிஞ்சியிருந்தது. லெப்டின் வைரஸ் பெற்றவற்றிலோ கண்ணுக்குத் தெரியும் கொழுப்பே இல்லை. ஒரே அளவு உணவு, இரண்டு வேறு உடல்கள். 'வாயைக் கட்டு' என்ற மருந்தைப் பற்றி இதைவிடக் கூர்மையான விமரிசனத்தை நான் படித்ததில்லை.

(இங்கே ஒரு விலகல். இதே அடினோவைரஸ் குடும்பத்துக்கு வேறொரு முகமும் உண்டு. 1980களில் இந்தியாவில் கோழிகளைக் கொன்ற ஒரு அடினோவைரஸ் நோயில், செத்த கோழிகளின் வயிற்றில் கொழுப்பு மிகுந்திருப்பதாக மும்பையின் கால்நடை மருத்துவர் அஜிங்க்யா சொல்ல, பருமனுக்கு மருத்துவம் பார்த்துவந்த நிகில் துரந்தர் அதைப் பின்தொடர்ந்தார். பின்னர் அமெரிக்கா சென்று, மனிதர்களைத் தொற்றும் அடினோவைரஸ் 36 விலங்குகளில் கொழுப்பைக் கூட்டுவதை 2000ல் வெளியிட்டார். மனிதர்களில் இதன் பங்கு இன்னும் வாதத்தில் இருக்கிறது. மெலிய வைக்கும் வாகனத்தின் பங்காளி கொழுக்க வைப்பவனாக இருக்கலாம் என்பது கதாசிரியர்களுக்குத் தோன்றாத திருப்பம்.)

அடினோவைரஸில் ஒரு பெருங்குறை: உடல் அதை அடையாளம் கண்டுகொண்டு தாக்கும். அதனால் மரபணு சில வாரங்களில் அணைந்துவிடும். அதனினும் கொடியது அந்தத் தாக்குதலின் வேகம். 1999 செப்டம்பரில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில், வேறொரு மரபணு நோய்க்கான சோதனையில், ஜெஸ்ஸி கெல்சிங்கர் என்ற 18 வயது இளைஞர் அடினோவைரஸ் செலுத்தப்பட்ட நான்காம் நாள் இறந்தார். அதன்பின் மரபணு மருத்துவம் முழுவதும் பல ஆண்டு தலைகுனிந்து நடந்தது. பருமன் ஆய்வு எலிகளோடு நின்றிருந்ததால் தப்பித்தது. ஆனால் வாகனத்தை மாற்ற வேண்டும் என்பது எல்லோருக்கும் விளங்கியிருந்தது.

மாற்று வாகனம் குப்பையிலிருந்து வந்தது. 1965ல் பிட்ஸ்பர்கில் ராபர்ட் அட்சிசன், அடினோவைரஸை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தபோது அதனூடே மிகச் சிறிய துகள்கள் கலந்திருப்பதைக் கண்டார். மாசு என்று ஒதுக்கத்தக்கவை. அவை தனியொரு வைரஸ், அடினோவைரஸின் துணையின்றிப் பெருகாதவை என்று தெரிந்தது. அடினோ துணை வைரஸ் என்று இங்கே சொல்லிக்கொள்வோம். அறிந்தவரையில் மனிதருக்கு எந்த நோயையும் தராதது. பிரிவடையாத நியூரான்களுக்குள் நுழைந்து நெடுங்காலம் தங்குவது. 1980களின் தொடக்கத்தில் ஃப்ளோரிடாவின் கெயின்ஸ்வில்லில் நிக்கோலஸ் முசிச்கா, கென்னத் பெர்ன்ஸ் ஆகியோரின் ஆய்வகங்களில் இது வாகனமாக்கப்பட்டது.

அதே கெயின்ஸ்வில்லில் சத்ய கல்ரா, புஷ்பா கல்ரா இருவரும் 2000க்குப் பின் இந்த வைரஸில் லெப்டின் மரபணுவை ஏற்றி எலிகளின் மூளைக்குள் செலுத்தினார்கள். ஒரே ஊசி, மாதக்கணக்கில் எடை கட்டுக்குள் நின்றது. அதே ஊரின் இன்னொரு ஆய்வகத்தில், ஃபிலிப் ஸ்கார்பேஸின் குழு, இந்த மகிழ்ச்சியில் தண்ணீர் தெளித்தது. கொழுப்புணவு தின்று பருமனான எலிகளின் மூளைக்குள் லெப்டினைச் செலுத்தினாலும் மந்தம் தீரவில்லை என்று 2003ல் காட்டினார்கள். தண்டோராவைக் காதருகே கொண்டுபோய் முழக்கியும் பயனில்லை. காதைத்தான் பார்க்க வேண்டும்.

*

கோலெட்ஸ்கி எலி என்று ஒரு வகை உண்டு. லெப்டின் ஏற்பி அறவே இல்லாதது. 2003ல் சியாட்டிலில் மைக்கேல் ஷ்வார்ட்ஸின் குழு, ஏற்பியின் மரபணுவை ஏற்றிய அடினோவைரஸை அந்த எலியின் ஹைப்போதலாமஸில் ஆர்க்குவேட் என்ற புள்ளியில் செலுத்தியது. வில்போல வளைந்திருப்பதால் அப்பெயர். மண்டையோட்டில் சிறு துளையிட்டு, மூன்று திசை அளவுகளைக் கணக்கிட்டு, தலைமயிரினும் மெல்லிய குழாய் வழியே, ஒரு துளியின் பல நூறில் ஒரு பங்கு. எலியின் உணவு குறைந்தது, எடை ஏற்றம் மட்டுப்பட்டது. பிறந்தது முதல் செவிடாக இருந்த உயிருக்கு ஓரிடத்தில் காது முளைத்தது.

இதில் ஓர் ஐயம் எஞ்சும். வைரஸ் நுழைந்த எல்லாச் செல்லிலும் ஏற்பி முளைக்கும். இயல்பில் காது இல்லாத செல்லுக்கும் காது வந்துவிடும். அந்த விடையை எப்படி நம்புவது? இடப் பிரச்சினையும் உண்டு. அடினோ துணை வைரஸின் சுவடி ஏறக்குறைய 4,700 எழுத்து கொள்ளும். ஏற்பியின் நீண்ட வடிவம் 1,162 அமினோ அமிலங்கள். எழுத்தில் மூன்று மடங்கு, 3,500ஐ ஒட்டி. அதைப் படிக்கச் சொல்லும் ஆணைகளையும் சேர்த்தால் நெரிசல்தான். 2005ல் பாஸ்டனில் ரொபர்ட்டோ கொப்பாரி, ஜோயல் எல்ம்க்விஸ்ட் குழுவினர் செய்த தந்திரம் எனக்கு மிகவும் பிடித்தமானது. சுண்டெலியின் சொந்த ஏற்பி மரபணுவுக்குள்ளேயே ஒரு பூட்டைப் போட்டு வளர்த்தார்கள். வைரஸில் ஏற்பியை ஏற்றவில்லை, அந்தப் பூட்டை வெட்டும் நொதியை, அதாவது சாவியை மட்டும் ஏற்றினார்கள். சாவி எந்தச் செல்லுக்குள் போனாலும், இயல்பில் அந்த மரபணுவைப் படிக்கும் செல்லில் மட்டுமே காது முளைக்கும். மூளையின் ஒரு பக்க ஆர்க்குவேட்டில் மட்டும் திறந்தார்கள்.

விடை எதிர்பாராதது. எடை சிறிதளவே குறைந்தது. ஆனால் இரத்தச் சர்க்கரை ஏறத்தாழச் சீரானது. சோம்பிக் கிடந்த சுண்டெலி எழுந்து நடமாடத் தொடங்கியது. பருமனானவர்களைப் பற்றி உலகம் சொல்லும் இரண்டாவது குற்றச்சாட்டு சோம்பல். அந்தச் சோம்பலும் கேளாத காதின் ஒரு பகுதி என்பதை அந்தச் சுண்டெலி எழுந்து நடந்து காட்டியது.

மற்ற இடங்களையும் தேடினார்கள். யேல் பல்கலைக்கழகத்தில் ரால்ஃப் டிலியோனின் குழு 2006ல் எதிர்த்திசையில் சென்றது. ஏற்பியின் ஆணை ஏட்டை அழிக்கும் சிறு ஆர்என்ஏ துண்டை வைரஸில் ஏற்றி, எலிகளின் நடுமூளையில், இன்பத்தையும் வேட்கையையும் ஆளும் டோபமைன் நியூரான்களின் பகுதியில் செலுத்தினார்கள். அங்கே காது மந்தமானதும் எலிகள் கூடுதலாகத் தின்றன. சுவையான தீனிக்கு மேலும் ஏங்கின. பசி ஒன்று, ஆசை ஒன்று என்று நாம் பிரித்துவைத்திருக்கும் இரண்டையும் ஒரே ஹார்மோன் இரண்டு இடங்களில் தொடுகிறது. 2001லேயே ஃப்ரீட்மனின் ஆய்வகம் வேறொரு வைரஸைக் கொண்டு இதன் சாயலைக் கண்டிருந்தது. பன்றிகளின் வெறிநோய் போன்ற ஒரு நோய்க்கு ஹங்கேரியில் பார்த்தா என்பவர் உருவாக்கிய தடுப்பூசி வைரஸ் அது. நியூரானிலிருந்து நியூரானுக்குப் பின்னோக்கி ஏறிச்செல்லக் கூடியது. லெப்டின் ஏற்பியுள்ள நியூரான்களிலிருந்து அதை ஏறவிட்டபோது ஹைப்போதலாமஸைத் தாண்டி, அச்சத்தை ஆளும் அமிக்டலாவுக்கும், பெருமூளைப் புறணிக்கும் தடம் போயிற்று. பசிக்கும் இடத்தோடு நினைவும் பயமும் பேசிக்கொண்டிருக்கின்றன. இதை எழுத்தாளர்கள் முன்பே அறிவார்கள் என்று நீங்கள் சொல்வது கேட்கிறது.

*

ஆனால் பெரிய புதிர் அப்படியே நின்றது. ஆர்க்குவேட்டில் இரண்டு வகை நியூரான்கள் முக்கியம்: பசியைத் தூண்டும் ஏஜிஆர்பி, பசியைத் தணிக்கும் பிஓஎம்சி. இவையே லெப்டினின் முதற் காதுகள் என்று எல்லோரும் நம்பினார்கள். மரபணுப் பொறியியலால், கருவிலேயே இவற்றின் ஏற்பியை நீக்கிய சுண்டெலிகளை வளர்த்துப் பார்த்தார்கள். 2004லும் 2008லும் வந்த முடிவுகள் ஏமாற்றின. எடை ஓரளவே கூடியது. டிபி சுண்டெலியின் யானைத்தீ வரவில்லை. காது வேறெங்கோ இருக்கிறது, அல்லது பல இடங்களில் சிதறிக் கிடக்கிறது என்று சொல்லத் தொடங்கினார்கள். அந்த முடிவு பாடநூல்களில் ஏறும் நிலையில் இருந்தது.

ஓர் எச்சரிக்கை 2005லேயே வந்திருந்தது. சியாட்டிலில் ரிச்சர்ட் பால்மிட்டரின் ஆய்வகம் ஏஜிஆர்பி நியூரான்களையே கொன்று பார்த்தது. பிறந்த குட்டிகளில் கொன்றபோது ஒன்றும் ஆகவில்லை. அவை வளர்ந்தன, தின்றன. வளர்ந்த சுண்டெலியில் கொன்றபோது அது உண்பதை நிறுத்திப் பட்டினியால் இறக்கும் நிலைக்குப் போனது. குழந்தை மூளை, இழந்ததைச் சுற்றி வேறு பாதை கட்டிக்கொள்கிறது. கருவில் நீக்கியதால் விளைவில்லை என்பதை வைத்து, அது வேலையே செய்யவில்லை என்று முடிவு கட்டக்கூடாது. இளம் வயதில் தாயை இழந்த வீட்டில் மூத்த பெண் அடுப்படியை ஏற்றுக்கொள்வாள். அதனால் தாய் அந்த வீட்டில் ஒன்றும் செய்யவில்லை என்றாகுமா?

ஆக, வளர்ந்த உயிரில், ஒரே வகை நியூரானில், ஏற்பியை மட்டும் நீக்க வேண்டும். 2018ல் பாஸ்டனின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் டோங் காங்கின் குழு இதைச் செய்தது. கிரிஸ்பர் என்ற மரபணுக் கத்தரியை ஏஜிஆர்பி நியூரான்களில் மட்டும் இயங்கும்படி செய்து, எங்கே வெட்ட வேண்டும் என்று வழிகாட்டும் ஆர்என்ஏவை அடினோ துணை வைரஸில் ஏற்றி, வளர்ந்த சுண்டெலியின் ஆர்க்குவேட்டில் செலுத்தினார்கள். சுண்டெலி பெருத்தது, அடங்காமல் தின்றது, நீரிழிவு கண்டது. டிபி சுண்டெலியின் சாயல் முழுவதும் அதில் இருந்தது. பிஓஎம்சியில் வெட்டியபோது அப்படி ஏதும் நேரவில்லை. 1966ல் கூண்டில் கண்ட அந்தச் செவிட்டு உயிரின் காது எங்கே இருந்தது என்ற கேள்விக்கு 52 ஆண்டுகள் கழித்துக் கிடைத்த மிக நேரான விடை இது.

இது கடைசிச் சொல் என்று நான் எண்ணவில்லை. முந்தைய குழுக்கள் தவறிழைத்தன என்பதும் இல்லை. அவர்கள் கேட்ட கேள்விக்குச் சரியான விடையே கிடைத்தது. காது எங்கே என்று கேட்பதோடு எப்போது என்றும் சேர்த்துக் கேட்க வேண்டியிருந்தது. கருவிலிருந்தே மாற்றப்பட்ட சுண்டெலியால் அந்த 'எப்போது' என்பதைச் சொல்ல முடியாது. வளர்ந்த பிறகு வந்து கதவைத் தட்டும் வைரஸால் முடிந்தது.

கோல்மன் இதைப் பார்க்கவில்லை. லெப்டின் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பே ஓய்வு பெற்று, மெய்னில் தனக்குச் சொந்தமான காட்டைப் பராமரிக்கப் போய்விட்டார். 2010ல் ஃப்ரீட்மனோடு லாஸ்கர் விருது பெற்றார். 2014ல் மறைந்தார்.

மனிதர்களில் டிபி சுண்டெலிக்கு நிகரானவர்கள் உண்டா என்ற கேள்விக்கு 1998லேயே விடை வந்திருந்தது. பிரான்சில் கரீன் கிளெமாந்தும் கூட்டாளிகளும், லெப்டின் ஏற்பி பழுதான ஒரே குடும்பத்துச் சகோதரிகள் மூவரைப் பற்றி எழுதினார்கள். கட்டுக்கடங்காத பசி, கடும் பருமன், பூப்பெய்தாமை. இரத்தத்தில் லெப்டின் வெள்ளம். கேம்பிரிட்ஜ் குழந்தைக்குக் கொடுத்த ஊசி இவர்களுக்குப் பயன்படாது. கேட்காத காதில் இன்னும் உரக்கச் சொல்வதாகவே அது முடியும்.

அந்த வகை நோயாளிகளுக்கு 2020 நவம்பரில் அமெரிக்காவில் ஒரு மருந்து ஒப்புதல் பெற்றது. செட்மெலனோடைட் என்று பெயர். வைரஸ் ஏந்தி வந்த மருந்தன்று, தோலுக்கடியில் நாள்தோறும் போடும் ஊசி. பழுதான ஏற்பியை அது திருத்துவதில்லை. அந்த ஏற்பி கேட்டுச் சொல்லியிருக்க வேண்டிய செய்தியை, ஆர்க்குவேட்டைத் தாண்டி அடுத்த கட்டத்தில் எம்சி4ஆர் என்ற இன்னோர் ஏற்பியிடம் நேரே கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அந்த எம்சி4ஆர் மரபணுவின் ஒரு பிரதி பழுதாகி ஒன்று மட்டும் எஞ்சிய சுண்டெலிகளில், எஞ்சியதை இருமடங்கு உரக்கப் படிக்க வைக்கும் கிரிஸ்பர் கருவியை அடினோ துணை வைரஸில் ஏற்றிப் பருமனைத் தடுக்கலாம் என்று சான்ஃபிரான்சிஸ்கோவில் நவ்னீத் மதாரு, நதவ் அஹிடுவ் ஆகியோர் 2019ல் காட்டியிருக்கிறார்கள். அது இன்னும் ஆய்வகத்துக்குள் இருக்கிறது.

செட்மெலனோடைட் சோதனையில் லெப்டின் ஏற்பி பழுதானவர்கள் 11 பேர் இருந்தார்கள். ஓர் ஆண்டு முடிவில் அவர்களில் 5 பேரின் எடை பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தது. பசியும் தணிந்ததாகச் சொன்னார்கள். 2020ல் வெளியான அந்த அறிக்கையின் முதல் ஆசிரியர் கரீன் கிளெமாந்த். 1998ல் அந்த மூன்று சகோதரிகளைப் பற்றி எழுதியவர்.